கடல் இல்லாத துறைமுகம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கணினி விளையாட்டைத் திறந்தால், முதல் படம் வருவதற்குள் தேநீர் போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். இன்று அப்படியே செய்தேன். திரும்பி வந்து பார்த்தால் துறைமுகம் பாதி வந்திருந்தது. கடல் இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேரரசை எழுப்புகிறோம், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடுகிறவர் ஒரு சின்னத் துறைமுகத்தின் தலைவராகத் தொடங்கி, ஏரி வெட்டி, வரி வாங்கி, கப்பல் கட்டி, சிற்றரசர்களை வளைத்துப் போட்டு, தலைமுறை தலைமுறையாக ராஜ்யத்தைப் பெருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காலம். திட்டம் என்னுடையது. காகிதத்தில் இருந்தவரை எவ்வளவு அழகாக இருந்தது!

புரோகிராம் எழுதுவது அண்ணி. மாடியில் நான், கீழே அண்ணனும் அண்ணியும். ஆபீஸ் விட்டு வந்து காய் நறுக்கிக்கொண்டே என் திட்டத்தில் உள்ள ஓட்டைகளைச் சொல்வார். படம் வரைகிறவளைத் தூரிகை என்று கூப்பிடுகிறோம். வரலாறு பார்த்துச் சொல்கிறவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் கீழே ஒரு குறிப்பு போடுவதால் அவர் அடிக்குறிப்பு. கடலைச் செய்தவர் கடலரசர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, தூரத்து ஊர், நேரில் ஒருவரும் பார்த்ததில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். எனக்குக் குழுவில் வைத்த பெயர் மன்னர். மரியாதைக்கு வைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மேசை கிடைத்துவிட்டது! விளையாட்டுக் கண்காட்சியில், மே பதினாறும் பதினேழும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்இணைப்பு. அவ்வளவுதான். ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் உட்கார்ந்து ஆடலாம்.

நாலு வருஷமாக ஒரு வெளியாள்கூட இதைத் தொட்டதில்லை. இந்த மேசையும் கைவிட்டுப் போனால் குழு கலைந்துவிடும். எனக்குத் தெரியும். தூரிகை இப்போதே பாதி மனசோடுதான் இருக்கிறாள். கலைந்தால் நான் திரும்ப ஆள் சேர்க்கப் போவதில்லை. தெம்பு இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

குழுக் கூட்டம். எல்லோரும் திரையில் சின்னச் சின்னக் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கடலரசரின் கட்டம் மட்டும் காலி.

"கடல்தான் தம்பி மெஷினத் திங்குது," என்றார் அண்ணி. "ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியா கணக்கு. காத்து, கடல் ஏத்த எறக்கம், நிலா கூட இருக்கு உள்ள. கண்காட்சியில குடுக்கிற டப்பா மெஷின்ல இது நகராது."

"அப்ப எடுத்துடலாம்."

"எடுக்கறதா? விதி இருக்கே. நீங்க எழுதுனது."

ஆமாம், நான் எழுதினதுதான். சம்பளம் இல்லாத இடத்தில் உரிமையாவது இருக்கட்டும் என்று முதல் நாளே எழுதி வைத்தேன்: செய்தவர் சரி என்று சொல்லாமல் அவர் செய்ததை யாரும் எடுக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வந்தார்கள். அதனால்தான் ஒன்றையும் எடுக்க முடியவில்லை. தூரிகை வரைந்த குடைகளைப் பட்டியல் போட்டாலே ஒரு பக்கம் வரும். ஆட்டத்தில் குடைக்கு ஒரு வேலையும் கிடையாது. சந்தையில் சிவப்பு மிளகாய் மூட்டை வரைந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து உலகத்தில் மிளகாயே கிடையாது என்று அடிக்குறிப்பு தலைகீழாக நின்றார். எடுக்க மாட்டேன் என்று இவள் குறுக்கே நின்றாள். கடைசியில் அதற்குச் 'சிவப்பு மூட்டை' என்று பெயர் வைத்துச் சமாதானம் ஆனது. மூட்டைக்குள் என்ன என்று ஆடுகிறவன் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம்!

கடலரசர் ஜனவரியிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. குதிரைக்கு அங்கவடி உண்டா, அதாவது ஏறுகிறவன் கால் வைக்கிற வளையம் அந்தக் காலத்தில் இருந்ததா என்று வாரக்கணக்கில் ஒரு சண்டை நடந்ததே, அப்போது கடைசியாகக் குழுவில் தலை காட்டினார். அத்தோடு சரி.

மார்ச் 10, செவ்வாய்

கடலரசருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான். கடலைச் சின்னதாக்க முடியுமா, முடியாதென்றால் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று அடிக்குறிப்பு, ஆட்டத்தில் வரும் நெற்களஞ்சியத்தின் கதவு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறார். ஐயா, விளையாட்டே திறக்க மாட்டேன் என்கிறது, கதவு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அப்படியே பதில் எழுதினேன். "வரலாற்றில் அலட்சியம் கூடாது" என்று வந்தது, கீழே ஒரு குறிப்போடு.

சாப்பிடும்போது அண்ணனிடம் புலம்பினேன். அண்ணனுக்கு இந்த விளையாட்டில் சம்பந்தம் இல்லை, கேலி பண்ணுவதோடு சரி.

"சம்பளம் குடுக்காம படை வெச்சிருக்கிற ஒரே ராஜா நீதான்டா," என்றான். "ஓடாம இருக்கானுங்களேன்னு சந்தோஷப்படு."

அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை, ஆனால் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 4, சனி

கடலரசருக்கு மூன்றாவது தடவை எழுதினேன். இந்தத் தடவை மரியாதை எல்லாம் இல்லை. "முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் தொலையுங்கள். மற்றவர்கள் நேரத்தையும் சேர்த்து வீணாக்காதீர்கள். நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

எங்கே இருக்கிறது வேறு ஆள்? சும்மா ஒரு வீம்பு. அனுப்பின பிறகு கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

கடையில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொன்னார். கண் தெரியவில்லை, முந்தினவர் படித்ததைக் கேட்டு வைத்திருக்கிறார். "ஏன் சார் இப்படி?" என்றால், "கண்ணாடி போட்டா வயசாயிடும் தம்பி" என்கிறார். எல்லோரும் என்னிடம்தான் வந்து சேருகிறார்கள்.

ஏப்ரல் 11, சனி

எடுத்துவிட்டேன்.

அண்ணி கடைக்குப் போயிருந்தார். அவருடைய மெஷினில் எனக்கும் அனுமதி உண்டு. எந்த இடத்தில் கடல் சேர்கிறது என்று அவரே ஒரு தடவை காட்டியிருக்கிறார். அந்த வரிகளை எடுத்து, கடல் இருந்த இடமெல்லாம் மணல் நிறம் கொடுத்து, எல்லோருக்கும் போகும்படி ஏற்றிவிட்டேன். காலை வெயில் ஜன்னலில் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

விளையாட்டு கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. சொடுக்கினால் நகர்கிறது! நாலு வருஷத்தில் முதல் தடவையாக மூன்று தலைமுறை ஆடி முடித்தேன். என் ஏரிகள், என் வரி, என் சிற்றரசர்கள் — எல்லாம் நான் நினைத்தபடியே வேலை செய்கின்றன. திட்டத்தில் குற்றமில்லை. அப்போதே தெரியும் எனக்கு.

துறைமுகம் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. கப்பல்கள் மணலில் குந்தியிருக்கின்றன.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணி படி ஏறி வந்தார். மாடிக்கு அவர் வருவதே அபூர்வம்.

"கடல் எங்க?"

"எடுத்துட்டேன் அண்ணி. இப்ப ஓடுது பாருங்க."

"ஓடுதான்னு நான் கேக்கல. யாரக் கேட்டு எடுத்தீங்க? என் மெஷின்ல இருந்து, என் பேர்ல போயிருக்கு. எல்லாரும் நான் எடுத்தேன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. என் பெயரில் செய்திருந்தால் வீரம். அண்ணி பெயரில் செய்தால் என்ன பெயர் அதற்கு?

குழுவில் எழுதினேன், எடுத்தது நான்தான் என்று. அடிக்குறிப்பு ஒரே வரியில் பதில் போட்டார், கீழே குறிப்பு இல்லாமல்: "விதியை எழுதியவர் நீங்கள்." தூரிகை கூப்பிட்டாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஒவ்வொரு கப்பலுக்கும் பாய் தனியா வரைஞ்சேன் சார். காத்து மாறினா பாய் திரும்பணும்னு அவரு கடல் செய்யும்போதே ரெண்டு பேரும் பேசிப் பேசி செஞ்சது. இப்ப மணல்ல நிக்குது. ஒரு வார்த்த கேட்டிருந்தா, எனக்கும் கஷ்டந்தான், சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

கப்பல்களை வைத்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை என்றாள்.

சரி போ என்று தோன்றியது. பிறகு, அப்படித் தோன்றியதற்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் யாராவது கெட்ட பெயர் எடுத்துத்தானே ஆக வேண்டும்? எத்தனை நாள்தான் ஒவ்வொருவர் தாடையையும் தடவிக்கொண்டிருப்பது? கேட்டுக் கேட்டு நாலு வருஷம் போச்சு. நாலு வருஷம்!

ஏப்ரல் 13, திங்கள்

கீழே போகவில்லை. வெளியில் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணி என்னோடு அண்ணன் வழியாகத்தான் பேசுகிறார். "வரி வசூல்ல ஒரு தப்பு இருந்துச்சாம், சரி பண்ணிட்டாளாம், உன்கிட்ட சொல்லச் சொன்னா," என்று அண்ணன் செய்தி கொண்டுவருகிறான், தூது வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

வேலையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. என்மேல் கோபம், விளையாட்டின்மேல் இல்லை போல. நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பேன்.

மே 16, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டுவிடுவேன்.

பெரிய கூடம். தரையெல்லாம் வயர், வயரின்மேல் நாடா ஒட்டியிருந்தார்கள். பக்கத்து மேசையில் கார் பந்தய விளையாட்டு, காது கிழிகிறது. நானும் அண்ணியும் மட்டும் வந்திருந்தோம். விளையாட்டு ஓடியது. மக்கள் உட்கார்ந்தார்கள், ஆடினார்கள், எழுந்திருக்க மறுத்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குள் மூக்கை நுழைத்து ஏரி வெட்டினார். ஒருவர் சிற்றரசனுக்குப் பெண் கொடுத்துச் சண்டையை நிறுத்தினார். நான் நினைத்தே பார்க்காத வழி. மத்தியானம்வரை நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை.

பிறகு ஒருவர் வந்தார். மார்போடு துணித்தொட்டில் கட்டி அதில் ஒரு குழந்தை. ஒரு கை குழந்தையின் முதுகில், ஒரு கை மவுஸில். மெல்ல ஆடிக்கொண்டே, குழந்தை தூங்கட்டும் என்று, ரொம்ப நேரம் விளையாடினார். நிதானமான ஆள். துறைமுகத்தைவிட்டு நகரவே இல்லை.

"கப்பலெல்லாம் ஏன் மணல்ல நிக்குது?" என்று கேட்டார்.

அன்றைக்கு எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தயாராக இருந்தது, கேட்டவர்களைச் சிரிக்கவைக்கிற மாதிரி. "எங்க டீம்ல ஒருத்தர் கடல் செஞ்சாரு சார். அலை, காத்து, நிலான்னு பெருசா பண்ணி வெச்சுட்டு ஆளு எஸ்கேப். ஜனவரியிலேர்ந்து சத்தமே இல்ல. இந்த மாதிரி ஆளுங்கள நம்பி எறங்கக் கூடாது. அதான் நானே மண்ணப் போட்டு மூடிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்லிட்டுத்தானே சார் போனேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கூட்டங்களில் கேட்ட கடலரசரின் குரல்தான். அந்த இரைச்சலில் பிடிபடவில்லை.

"ஜனவரியில இவ குறை மாசத்துல பொறந்துட்டா. கொஞ்ச நாள் வர முடியாதுன்னு குரூப்ல போட்டேன். அங்கவடி சண்டை நடந்துட்டிருந்துச்சு அப்ப. யாரும் ஒண்ணும் சொல்லல. சரி, பிஸியா இருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் எதையும் திறந்து பாக்கல. ஏப்ரல்ல டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்குத்தான் உங்க மெசேஜெல்லாம் மொத்தமா பாத்தேன். இவள டாக்டர்கிட்ட காட்ட இந்த ஊருக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பாக்கலாம்னு வந்தேன்."

அண்ணிதான் முன்னால் வந்து, "குடுங்க, நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன், நீங்க ஒக்காந்து ஆடுங்க," என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். எவ்வளவு சின்னக் குழந்தை! நாலு மாசம் என்று சொன்னால் நம்ப முடியாது.

அவர் இன்னொரு தலைமுறை ஆடினார். எழுந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு, "நல்லா ஓடுது சார். கடல் இல்லாம நல்லாத்தான் ஓடுது," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு வரி. அதற்கு மேலே அங்கவடி, கீழேயும் அங்கவடி. நேர் கீழே இருப்பது என்னுடையது: "முதலில் குதிரையை முடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்." படித்துவிட்டு எழுதினேனா, படிக்காமல் எழுதினேனா? படிக்காமல்தான். ஆனால் அவருக்கு எப்படித் தெரியும் அது?

மே 17, ஞாயிறு

இரண்டாம் நாளும் நல்ல கூட்டம். கப்பலைப் பற்றிக் கேட்டவர்களிடம், "கடல் நான் எடுத்தது," என்று மட்டும் சொன்னேன்.

மே 24, ஞாயிறு

கூட்டத்தை அண்ணி கூட்டினார். கடலரசரிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். "பரவால்ல சார்" என்றார், பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அடிக்குறிப்பும் மன்னிப்புக் கேட்டார், அங்கவடிச் சண்டையில் பாதி அவருடையது. தூரிகை வரவில்லை. இனி வர மாட்டாள், வேறு குழுவில் சேர்ந்துவிட்டாளாம்.

விதி மாறிவிட்டது. யார் செய்ததையும் எடுக்கலாம்; ஆனால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், செய்தி போட்டால் போதாது, குரல் கேட்க வேண்டும். முடிவு சொல்வது இனிமேல் அண்ணி.

"தம்பிக்குச் சம்மதமா?" என்று அண்ணி என்னைக் கேட்டார். ஏப்ரலுக்குப் பிறகு நேராக என்னிடம் பேசியதே அப்போதுதான்.

சம்மதம் என்றேன். உள்ளே இல்லை. திட்டம் என்னுடையது, நாலு வருஷம் என்னுடையது, கண்காட்சியில் ஓடியது நான் எடுத்ததால்தானே? இதை யாரிடம் சொல்வது? இங்கேதான் எழுதிக்கொள்ள வேண்டும். நான் செய்தது சரியாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆள் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. கீழே அண்ணியின் திரையில் அவர்கள் கூட்டம் நடந்தது, சிரிப்புச் சத்தம் வந்தது. நான் துணி மடித்தேன்.

ஜூன் 20, சனி

கடையில் ஒரு அம்மாளுக்கு எழுத்துப் பலகை பிடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. கண்காட்சிக்கு வந்த அம்மாள் ஏன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொண்டார் என்று! எங்கள் விளையாட்டின் எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது. சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில். பகலெல்லாம் ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன் சொந்த விளையாட்டின் எழுத்தைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கீழே போய், "அண்ணி, எழுத்த நான் சரி பண்ணட்டுமா?" என்று கேட்டேன். என் விளையாட்டில் வேலை செய்ய நான் அனுமதி கேட்கிறேன். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"பண்ணுங்க. ஆனா மொதல்ல எனக்கு அனுப்பணும், நேரா ஏத்தக் கூடாது," என்றார். சாப்பிட்டீங்களா என்றும் கேட்டார்.

ஜூலை 5, ஞாயிறு

என் எழுத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், மறுபடியும். வரிப் பக்கத்தில் கட்டத்தைத் தாண்டுகிறதாம். தாண்டத்தான் செய்கிறது. எரிச்சலோடு திருத்தினேன்.

மத்தியானம் கடலரசர் புதுக் கடலை அனுப்பினார். துறைமுகத்தை ஒட்டி ஒரு நீலப் பட்டை, அவ்வளவுதான். அலை இல்லை, காற்று இல்லை, நிலா இல்லை. ஒரு கப்பல் நுழைந்தால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். "பாப்பா தூங்குற நேரத்துல மட்டும் செய்றேன். இப்போதைக்கு இவ்ளோதான்," என்று எழுதியிருந்தார்.

திறந்து பார்த்தேன். உடனே திறந்தது. கரையோரம் நிறம் சரியில்லை, ஆழம் தெரியவில்லை, கப்பல் மிதக்கிறதா ஒட்டிவைத்ததா என்று சந்தேகம் வருகிறது. குறைகள் வரிசையாக நாக்கின் நுனியில் வந்து நின்றன. பேரரசு இந்தப் பட்டையில் எப்படிக் கடல் கடக்கும்? எத்தனை மாதம் ஆகும் இது பெரிதாக?

புது விதிப்படி கூப்பிட்டேன். மெல்லிய குரலில் எடுத்தார். பாப்பா இப்போதுதான் தூங்கினாளாம்.

"கடல் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். பாப்பாவுக்கு என்ன பேர் வெச்சீங்க?"

சொன்னார். நல்ல பெயர். யார் வைத்தது, ஏன் வைத்தது, அவளுடைய எடை இப்போது எவ்வளவு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.